ரிவி பொக்ஸில் படம் சுற்றிக்கொண்டு நிற்கிறதா? அடைப்பு எங்கே என்று தேடிப் பிடிக்கும் வழி

குளம் நிறையத் தண்ணீர் இருந்தும் வயலுக்கு வந்து சேரவில்லை என்றால் வன்னியில் என்ன செய்வோம்? துருசில் தொடங்கி வாய்க்கால் கரையோடு நடந்து, எங்கே புல் அடைத்திருக்கிறது, எங்கே வரம்பு உடைந்து தண்ணீர் வேறு பக்கம் ஓடுகிறது என்று பார்ப்போம். இணையத்தில் இருந்து படத்தை எடுத்து ரிவியில் காட்டும் ரிவி பொக்ஸுக்கும் இதே நடைதான் வேண்டும். ஆனால் படம் நின்றதும் பெரும்பாலான வீடுகளில் முதலில் செய்வது பெரிய பெக்கேஜுக்கு மாறுவது, அல்லது புது ரவுட்டர் வாங்குவது. மாதக் காசு கூடுகிறது, படம் அதே இடத்தில் நிற்கிறது. காசு கொடுப்பதற்கு முன் அரை மணித்தியாலம் செலவழித்து அளந்து பாருங்கள். கிளிநொச்சி நகரத்தில் ஃபைபர் உள்ள வீட்டுக்கும், ஒட்டுசுட்டானுக்கு உள்ளே காட்டோரம் 4ஜி ரவுட்டரை நம்பியிருக்கும் வீட்டுக்கும் கோளாறு ஒரே இடத்தில் இருக்காது.

முதலில் திரையை நன்றாகக் கவனியுங்கள். "படம் நிக்குது" என்று எல்லாரும் ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் மூன்று வேறு நோய்கள்.

நடுவில் வட்டம் சுற்றி, சில செக்கன்களுக்குப் பிறகு படம் தொடர்ந்தால் டேட்டா வந்து சேரவில்லை. அது டவர், ரவுட்டர், வைஃபை ஆகியவற்றில் ஒன்றின் பிரச்சினை. வட்டம் வராமல் படம் மட்டும் வெட்டி வெட்டி ஓடி, சத்தம் ஒழுங்காகப் போனால் டேட்டா வந்துவிட்டது, பொக்ஸால் அதை விரித்துக் காட்ட முடியவில்லை. படம் நிற்காமல் ஓடுகிறது, ஆனால் என்ன செய்தாலும் மங்கலாகவே இருக்கிறது என்றால் பெக்கேஜின் எல்லை, பொக்ஸின் அனுமதித் தரம் இரண்டில் ஒன்று காரணமாக இருக்கலாம். இரண்டாவது நோய்க்கு டவரைத் திட்டிப் பயனில்லை, முதலாவதற்குப் புது பொக்ஸ் வாங்கிப் பயனில்லை.

யூடியூப்பில் இதை உறுதிப்படுத்த நல்ல வழி இருக்கிறது. ஒரு வீடியோவை ஓடவிட்டு, ரிமோட்டில் மேல் பொத்தானை அழுத்தி, பல்சக்கரக் குறிக்குள் போய் "ஸ்டேட்ஸ் ஃபோர் நேர்ட்ஸ்" என்பதைத் திறவுங்கள். அதில் "பஃபர் ஹெல்த்" என்று செக்கன் கணக்கு ஒன்று ஓடும். முன்கூட்டியே இறக்கிவைத்திருக்கும் படத்தின் அளவு அது. அது 20, 30 செக்கன் என்று நிற்கும்போதே படம் வெட்டினால் குற்றவாளி பொக்ஸ். படிப்படியாகக் குறைந்து 0 ஆகி வட்டம் வந்தால் குற்றவாளி இணைப்பு. அருகிலேயே "டிராப்ட் ஃபிரேம்ஸ்" என்ற எண்ணிக்கை இருக்கும். அது ஓடிக்கொண்டே ஏறுவதும் பொக்ஸ் திணறுவதன் அடையாளம்தான்.

எவ்வளவு வேகம் போதும்?

யூடியூப் கேட்கும் வேகம் 480பி தரத்துக்கு 1.1 எம்பிபிஎஸ் (செக்கனுக்கு இத்தனை மெகாபிட்), 720பிக்கு 2.5, 1080பிக்கு 5, 4கேக்கு 20. நெட்ஃபிளிக்ஸ் 1080பிக்கு 5, 4கேக்கு 15 என்கிறது. ஆக, ஒரு ரிவி மட்டும் இருக்கும் வீட்டில் 8 எம்பிபிஎஸ் நிலையாகக் கிடைத்தாலே 1080பி படம் நிற்காமல் ஓட வேண்டும். "நிலையாக" என்ற சொல்தான் இங்கே முக்கியம். ஒரு கணம் 30, அடுத்த கணம் 1 என்று ஆடும் இணைப்பைவிட 6இல் அசையாமல் நிற்கும் இணைப்பு படம் பார்க்க நல்லது.

டேட்டாக் கணக்கையும் சேர்த்து அறிந்துகொள்ளுங்கள். எம்பிபிஎஸ் என்பதை 8ஆல் பிரித்தால் செக்கனுக்கு எத்தனை எம்பி என்று வரும். 5 எம்பிபிஎஸ் முழுதாக ஓடினால் மணித்தியாலத்துக்கு 2.25 ஜிபி, 2.5 எம்பிபிஎஸ்ஸில் ஏறத்தாழ 1.1 ஜிபி, 1.1 எம்பிபிஎஸ்ஸில் அரை ஜிபி. இரண்டரை மணித்தியாலப் படம் ஒன்றை 1080பியில் பார்த்தால் 5.6 ஜிபி வரை போகலாம், 480பியில் ஒன்றேகால் ஜிபிக்குள் முடியும். 32 அங்குல ரிவியை எட்டடி தள்ளி இருந்து பார்ப்பவருக்கு 720பிக்கும் 1080பிக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. மாதக் கடைசியில் டேட்டா முடியும் வீடுகளில் இந்த ஒரு மாற்றமே போதுமாக இருக்கும்.

டேட்டா முடிந்ததும் இணைப்பை வெட்டாமல் வேகத்தை மட்டும் அடியோடு இறக்கிவிடும் பெக்கேஜ்கள் உண்டு. வாட்ஸ்அப் செய்தி போகும், படம் ஓடாது. அதனால் வேறு எதையும் தொடுவதற்கு முன் கொம்பனியின் செயலியைத் திறந்து மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள். நாள் டேட்டா தனி, இரவு டேட்டா தனி என்று பிரித்திருந்தால், இரவுக் கணக்கில் 40 ஜிபி கிடந்தாலும் பின்னேரம் 7 மணிக்கு அது உதவாது.

அளக்கும் முறை

ஒரு கொப்பித் தாளை எடுங்கள். ஒரே நாளில் மூன்று தடவை அளக்க வேண்டும்: விடிய 6 மணிக்கு, மத்தியானம், இரவு 8.30க்கும் 9.30க்கும் இடையில். ஒவ்வொரு தடவையும் இரண்டு இடத்தில். முதலாவது, ரவுட்டரில் இருந்து ஒரு மீட்டர் தள்ளி போனை வைத்து. இரண்டாவது, ரிவி இருக்கும் இடத்தில், முடிந்தால் பொக்ஸிலேயே. அளப்பதற்கு ஃபாஸ்ட் டொட் கொம் என்ற தளம் நல்லது. அது நெட்ஃபிளிக்ஸ் நடத்துவது, நெட்ஃபிளிக்ஸ் படம் வரும் அதே வழியால் அளக்கிறது. ஸ்பீட்டெஸ்ட் செயலி பெரும்பாலும் கிட்ட உள்ள சேர்வர் ஒன்றைத் தெரிந்தெடுக்கும், அதனால் அழகான எண்ணைக் காட்டிவிடும். இரண்டிலும் அளந்து குறியுங்கள். அளக்கும்போது வீட்டில் மற்றப் போன்களின் வைஃபையை நிறுத்திவையுங்கள், இல்லாவிட்டால் அளவு பிழைக்கும். ஒரு அளவீடே பல பத்து எம்பி தின்னும் என்பதால் வீணாகத் திரும்பத் திரும்ப அழுத்த வேண்டாம்.

இப்போது தாளைப் பாருங்கள். ரவுட்டருக்குப் பக்கத்தில் 18, ரிவிக்குப் பக்கத்தில் 3 என்றால் அடைப்பு வீட்டுக்குள்ளேயே, வைஃபையில். இரண்டு இடத்திலும் விடிய 20, இரவில் 2 என்றால் டவரில் சனம் நெரிகிறது. எந்த நேரமும் எந்த இடமும் 2, 3 என்றே வந்தால் சிக்னல் மோசம், அல்லது பெக்கேஜ் எல்லை. போனில் ரிவிக்குப் பக்கத்தில் 15 வந்தும் பொக்ஸ் நிற்கிறது என்றால் பொக்ஸைப் பாருங்கள். ஃபாஸ்ட் டொட் கொம்மில் நல்ல வேகம், யூடியூப் ஓடுகிறது, குறிப்பிட்ட ஒரு செயலி மட்டும் நிற்கிறது என்றால் அந்தச் செயலியின் சேர்வர்தான் திணறுகிறது. காசு கட்டிப் பல நூறு அலைவரிசை பார்க்கும் அனுமதியில்லாத இணைப்புகளில் இது வழக்கம். கிரிக்கெட் நாளில் சேர்வர் தாங்காது. அதை உங்கள் வீட்டில் இருந்துகொண்டு திருத்த முடியாது.

4ஜி ரவுட்டர்: எங்கே வைப்பது என்பதுதான் பாதி வைத்தியம்

வன்னி தட்டையான நிலம். மலை மறைப்பதில்லை, மறைப்பது காடு, தென்னை, மா, பிறகு நம் வீட்டுக் கூரையும் சுவரும். டவர்கள் ஏ9 வீதியோரமும் சிறு நகரங்களைச் சுற்றியும் கூடுதலாக நிற்கின்றன. உள்ளே போகப் போக இடைவெளி கூடுகிறது. துணுக்காய், நெடுங்கேணி, வெலிஓயாப் பக்கத்து எல்லைக் கிராமங்களில் ரவுட்டரை ஒரு சுவரில் இருந்து மறு சுவருக்கு மாற்றுவதே வேகத்தை இரட்டிப்பாக்கலாம்.

ரவுட்டரின் முன்பக்கம் எரியும் கோடுகளை நம்பாதீர்கள். அவை பரும்படியான கணக்கு. போனில் வைஃபையை இணைத்துக்கொண்டு உலாவியில் 192.168.8.1 அல்லது 192.168.1.1 என்று தட்டினால் ரவுட்டரின் உட்பக்கம் திறக்கும். எந்த இலக்கம், என்ன பாஸ்வேர்ட் என்று ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும். அங்கே சிக்னல் விபரம் அல்லது டிவைஸ் தகவல் என்ற இடத்தில் மூன்று எண்களைத் தேடுங்கள்.

ஆர்எஸ்ஆர்பி என்பது சிக்னலின் பலம். மைனஸில் வரும். -80 என்றால் மிக நல்லது, -95 வரை பரவாயில்லை, -105 நலிந்தது, -115க்குக் கீழே போனால் தொங்கிக்கொண்டிருக்கிறது. எஸ்ஐஎன்ஆர் என்பது சிக்னல் எவ்வளவு தெளிவு, இரைச்சல் எவ்வளவு என்ற கணக்கு. 20க்கு மேல் சிறப்பு, 13இல் இருந்து 20 வரை நல்லது, 5க்குக் கீழே போனால் படம் திணறும், மைனஸில் போனால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். ஆர்எஸ்ஆர்கியூ என்பது சிக்னலின் தரம், -10க்குக் கிட்ட இருந்தால் நல்லது, -15ஐத் தாண்டினால் மோசம். பலரும் முதல் எண்ணை மட்டும் பார்த்துத் திருப்தி அடைகிறார்கள். ஆர்எஸ்ஆர்பி -85 இருந்தும் எஸ்ஐஎன்ஆர் 2 என்றால் இரண்டு டவர்கள் ஒன்றின்மேல் ஒன்று இரைகின்றன என்று அர்த்தம். அந்த வீட்டில் ரவுட்டரை உயர்த்தினால் நிலைமை இன்னும் கெடலாம். மாறாக, வீட்டின் ஒரு சுவரை மறைப்பாக வைத்து, ஒரு டவரின் பக்கம் மட்டும் முகம் கொடுத்து வைப்பதுதான் வழி.

இடம் தேடும் வேலையை இருவர் செய்தால் இலகு. ஒருவர் ரவுட்டரை நீட்டு வயரோடு பிடித்துக்கொண்டு நடக்க, மற்றவர் போனில் எண்ணைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் 2 நிமிடம் காத்திருங்கள், எண் உடனே மாறி நிலைக்காது. முதலில் டவர் பக்க யன்னல், பிறகு அதே யன்னலின் மேல் விளிம்பு, பிறகு எதிர்ப்பக்கச் சுவர். ஓரடி இடம் மாறினாலே 5, 6 டிபி (டெசிபல், சிக்னலை அளக்கும் அலகு) மாறலாம். 3 டிபி ஏறினால் வரும் சக்தி இரட்டிப்பு, ஆகவே சிறிய எண் என்று ஒதுக்காதீர்கள். தகரக் கூரை சிக்னலைத் தடுக்கும், இரும்புக் கிராதி போட்ட யன்னலும் ஓரளவு குழப்பும். ரிவிக்குப் பின்னால், இரும்பு அலுமாரிக்கு மேல், குசினிக் குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் ரவுட்டரை வைக்கவே வேண்டாம்.

உயரம் உதவும், ஆனால் வெயிலையும் நினைக்க வேண்டும். பெரும்பாலான வீட்டு ரவுட்டர்கள் 40 பாகை வரைதான் தாங்கும்படி செய்யப்பட்டவை. சிறுபோகக் காலத்து மத்தியானத்தில் தகரத்துக்குக் கீழே சூடு அதைத் தாண்டிவிடும், ரவுட்டர் தானாக நின்று எழும்பும். தகரத்தில் இருந்து இரண்டடியாவது கீழே, காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள். மத்தியானம் 1 மணிக்கு வேகம் விழுந்து, பின்னேரம் வெயில் தணிய மீண்டால் சூட்டைச் சந்தேகியுங்கள்.

இலையும் ஒரு காரணம். வீட்டு 4ஜி இணைப்புகளில் பல 2300 மெகாஹேர்ட்ஸில் ஓடுகின்றன. அந்த அலை மரத்துக்குள் புகுந்து வருவதில் பலவீனமானது, நனைந்த இலை அதை இன்னும் உறிஞ்சும். மாரி தொடங்கியதும் வேகம் குறைகிறது, வெயில் அடித்து இலை காய்ந்ததும் சரியாகிறது என்றால் இதுதான் விளக்கம். 900, 1800 மெகாஹேர்ட்ஸ் அலைகள் தூரம் போகும், மரத்தையும் ஓரளவு கடக்கும். ரவுட்டரின் உட்பக்கத்தில் பாண்ட் தெரிவு (எந்த அலையைப் பாவிப்பது என்ற தெரிவு) இருந்தால் ஒவ்வொன்றாக மாற்றி, இரவு 9 மணிக்கு அளந்து பாருங்கள். சிக்னல் குறைவான பாண்டில் சனம் குறைவாக இருந்து படம் நன்றாக ஓடுவதும் உண்டு. சில வீட்டு இணைப்புகளின் சிம் குறிப்பிட்ட டவருக்கென்றே பூட்டப்பட்டிருக்கும். அப்படியானால் கொம்பனியிடம் கேட்டுத்தான் மாற்றலாம்.

வெளி அன்டெனா வாங்க நினைப்பவர்கள் வயரின் நீளத்தைப் பற்றி யோசிப்பதில்லை. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் மெல்லிய கறுத்த ஆர்ஜி58 வயர் இந்த அலைகளில் மீட்டருக்கு ஏறக்குறைய 1 டிபி தின்னும். 9 டிபி பெருக்கும் அன்டெனாவைக் குழாயில் ஏற்றி, 10 மீட்டர் வயரில் கீழே இறக்கினால், பெருக்கியது முழுவதும் வயரிலேயே கரைந்துபோகும். 3 மீட்டருக்கு மேல் போவதானால் தடித்த எல்எம்ஆர்400 வகை வேண்டும், அதன் இழப்பு மீட்டருக்குக் கால் டிபிக்கும் குறைவு. ஆனால் விலை அதிகம், வளைப்பதும் கடினம். இதைவிட நல்ல வழி, வெளியே பொருத்துவதற்கென்றே செய்த 4ஜி அலகை உயரத்தில் ஏற்றி, லான் வயரைக் கீழே கொண்டுவருவது. லான் வயர் 100 மீட்டர் வரை வேகத்தை இழக்காது, அதே வயரில் கரண்ட்டும் மேலே போகும். ஒரு 20 அடி ஜிஐ குழாய், மூன்று பக்கம் இழுத்துக் கட்டிய கம்பி, மழைத் தண்ணீர் வயர் வழியே அலகுக்குள் இறங்காதபடி வயரில் கீழ்நோக்கி ஒரு வளையம், குழாய்க்கு நில இணைப்பு, இவ்வளவும் வேண்டும். கரண்ட் வயருக்குக் கிட்ட, குழாய் சரிந்தால் தொடும் தூரத்தில், ஒருபோதும் நட வேண்டாம். பனையில் கட்டவும் வேண்டாம், மின்னல் தேடி வரும் மரம் அது.

சாதாரண ரவுட்டரில் அன்டெனா துளை இரண்டு இருந்தால் இரண்டையும் பாவியுங்கள். ஒன்றை 45 பாகை இடப்பக்கம், மற்றதை 45 பாகை வலப்பக்கம் சரித்துப் பொருத்தினால் 4ஜியின் இரட்டைப் பாதை வேலை செய்யும். ஒன்றை மட்டும் பூட்டினால் பாதி வேகம் போய்விடும்.

இரவுச் சன நெரிசலுக்கு வீட்டில் இருந்து முழு மருந்து இல்லை. இன்னொரு கொம்பனியின் சிம்மைப் போனில் போட்டு, அதே இரவு 9 மணிக்கு, அதே இடத்தில் அளந்துவிட்டு முடிவெடுங்கள். அயல்வீட்டாரின் போனை வாங்கி அளந்தாலும் போதும். மாறுவதற்கு முன் அளப்பது முக்கியம், விளம்பரத்தில் உள்ள எண் கொழும்பு டவருக்கும் விசுவமடு டவருக்கும் ஒன்றாக இராது. பார்க்க நினைக்கும் படத்தை இரவு டேட்டாவில் போனிலோ பொக்ஸிலோ இறக்கிவைத்து மறுநாள் பார்ப்பதும் நல்ல வழிதான், செயலி அனுமதித்தால். வற்றாப்பளைப் பொங்கல் போன்ற நேரலைகளுக்கு இது உதவாது. நேரலையில் முன்கூட்டி இறக்கிவைக்கச் சில செக்கன்கள்தான் கிடைக்கும், அதனால் சாதாரண வீடியோ தாங்கும் ஆட்டத்தை நேரலை தாங்காது. நேரலை பார்க்கும்போது தரத்தை ஓட்டோவில் விடாமல் 480பியில் நிறுத்திவையுங்கள். வீட்டில் வயதானவர்கள் தனியாகப் பார்ப்பதானால் இதைச் செய்து கொடுத்துவிட்டுப் போங்கள், அவர்களுக்குத் திரை நின்றால் என்ன அழுத்துவது என்று தெரியாமல் தவிப்பார்கள்.

ஃபைபர், செம்பு வயர்

ஃபைபர் வீட்டில் பெட்டியில் PON என்று எழுதிய விளக்கு பச்சையாக அசையாமல் இருக்க வேண்டும். LOS என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை, கண்ணாடி இழை எங்கோ உடைந்தோ கழன்றோ இருக்கலாம், ரவுட்டரை எத்தனை தடவை நிறுத்திப் போட்டாலும் வராது. வீதியில் இருந்து வரும் வயரைக் கண்ணால் தொடர்ந்து பாருங்கள்: காவோலை விழுந்து தொங்குகிறதா, அணில் கடித்திருக்கிறதா, குரங்கு பாய்ந்து இழுத்திருக்கிறதா. வீட்டுக்குள் மஞ்சள் வயரைக் கதவிடுக்கில் நெரிக்காதீர்கள், ஆணியில் மடக்கிக் கட்டாதீர்கள். பழைய செம்புத் தொலைபேசி வயரில் இணையம் உள்ளவர்கள், தொலைபேசியை எடுத்தால் இரைச்சல் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். இரைந்தால் இணையமும் விழும், மூட்டு இடங்களில் களிம்பு பிடித்திருக்கும். ஸ்டார்லிங்க் 2025இல் இலங்கைக்கு வந்திருக்கிறது. டவரே எட்டாத காட்டோரத்துக்கு அது ஒரு வழி, ஆனால் தட்டுக்கு மேலே வானம் திறந்திருக்க வேண்டும், மரக்கிளை மறைத்தால் அதுவும் நின்று நின்றுதான் ஓடும்.

வீட்டுக்குள் வைஃபை

ரவுட்டர் டவர் பக்க யன்னலில், ரிவி மறுகோடி அறையில் என்ற நிலை வன்னி வீடுகளில் அடிக்கடி வரும். ரவுட்டரை ரிவிக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் டவர் சிக்னல் போய்விடும். விட்டால் வைஃபை போய்விடும். இதற்குச் சரியான தீர்வு ஒரு லான் வயர். 15 மீட்டர் கற்5இ (Cat5e) வகை லான் வயர் வாங்கிச் சுவரோரம் அடித்துவிட்டால் வைஃபைப் பிரச்சினை அன்றோடு முடிந்தது. வாங்கும்போது முழுச் செம்பு வயரா என்று கேளுங்கள். செம்பு பூசிய அலுமினிய வயர் மலிவு, ஆனால் வளைவில் முறியும். தலையை நீங்களே அடிப்பதானால் நிற ஒழுங்கு இது: வெள்ளை செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை மண்ணிறம், மண்ணிறம். இரு முனையிலும் ஒரே ஒழுங்கு. மலிவான பொக்ஸ்களின் லான் துளை 100 எம்பிபிஎஸ்தான் தாங்கும், படம் பார்க்க அது தாராளம்.

வயர் இழுக்க முடியாவிட்டால் வைஃபை இரண்டில் எது என்று பாருங்கள். 2.4 கிகாஹேர்ட்ஸ் சுவரைக் கடந்து தூரம் போகும், வேகம் குறைவு. புளூடூத் ரிமோட்டும் மைக்ரோவேவ் அடுப்பும் இதே அலையில் குறுக்கிடும். 5 கிகாஹேர்ட்ஸ் வேகமானது, ஆனால் இரண்டு சீமெந்துக்கல் சுவர் கடந்தால் நலிந்துவிடும். ஒரே அறை, அல்லது இடையில் ஒரு சுவர் என்றால் 5, அதற்கு மேல் என்றால் 2.4. 2.4இல் சனலை (வைஃபை ஓடும் அலைப் பிரிவை) ஓட்டோவில் விடாமல் 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றில் நிறுத்துங்கள். இந்த மூன்றும்தான் ஒன்றோடொன்று முட்டாதவை.

வெளிநாட்டு உறவுகள் அனுப்பும் பொக்ஸில் ஒரு விசித்திரம் உண்டு. கனடா, அமெரிக்காவுக்கென்று செய்யப்பட்ட பொக்ஸ் பெரும்பாலும் 2.4இன் 12, 13ஆம் சனல்களைப் பார்க்காது. ரவுட்டர் தானாக 13க்குத் தாவிய அன்று, போன்கள் எல்லாம் வேலை செய்ய, பொக்ஸுக்கு மட்டும் வைஃபை பெயரே தெரியாது. பொக்ஸ் பழுதென்று எறிந்துவிடாமல் சனலை 6க்கு மாற்றிப் பாருங்கள். 5 கிகாஹேர்ட்ஸில் 36, 40, 44, 48 சனல்கள் பாதுகாப்பானவை. அடப்டரிலும் 100–240 வோல்ட் என்று அச்சடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டே சுவரில் குத்துங்கள்.

எச்டிஎம்ஐ துளையில் நேரே குத்தும் குச்சி வகை என்றால், ரிவியின் உலோக முதுகு வைஃபையை மறைத்துவிடும். அரையடி எச்டிஎம்ஐ நீட்டு வயர் ஒன்றில் வெளியே இழுத்துத் தொங்கவிட்டாலே வேகம் ஏறும்.

பொக்ஸ்

குச்சியையும் பொக்ஸையும் ரிவியின் யூஎஸ்பி துளையில் இருந்து இயக்க வேண்டாம். அந்தத் துளை அரை அம்பியர் தருவதற்கென்று அமைந்தது, பொக்ஸுக்கு 1இல் இருந்து 2 அம்பியர் வேண்டும். பற்றாக்குறையில் பொக்ஸ் முழுதாக அணையாது, வைஃபை மட்டும் அறுந்து அறுந்து வரும். அதனால் எல்லாரும் இணையத்தைத் திட்டுவார்கள். பின்னேரம் வோல்டேஜ் இறங்கும் கிராமங்களில் ரவுட்டரின் அடப்டரும் இதே வேலையைக் காட்டும். அதே வோல்ட், அதே அல்லது கூடிய அம்பியர் உள்ள நல்ல அடப்டரால் மாற்றிப் பாருங்கள். ரவுட்டருக்கு ஒரு சின்ன 12 வோல்ட் யூபிஎஸ் வைத்தால் வோல்டேஜ் ஆட்டமும் தீரும், கரண்ட் போனாலும் சில மணித்தியாலம் ஓடும். ரவுட்டரின் வோல்ட் என்ன என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

மூடிய ரிவி அலுமாரிக்குள் வைத்த பொக்ஸ் ஒரு மணித்தியாலம் நன்றாக ஓடிவிட்டுப் பிறகு திணறினால் அது சூடு. உள்ளே இருக்கும் சிப் தன்னைக் காக்க வேகத்தைக் குறைக்கிறது. வெளியே எடுத்து, நான்கு போத்தல் மூடிகளின் மேல் உயர்த்தி வையுங்கள், அடிப்பக்கத் துளைகளில் அடைந்த செம்மண் புழுதியைத் தூரிகையால் தட்டுங்கள்.

இடம் நிறைந்த பொக்ஸும் நிற்கும். 8 ஜிபி பொக்ஸில் குறைந்தது 1 ஜிபி காலியாக இருக்க வேண்டும். செற்றிங்ஸ், ஆப்ஸ், பிறகு குறிப்பிட்ட செயலி என்று போய் "கிளியர் கேஷ்" அழுத்துங்கள். பக்கத்தில் உள்ள "கிளியர் டேட்டா"வை அழுத்தினால் கணக்கு வெளியேறிவிடும், வெளிநாட்டில் இருக்கும் மகனின் பாஸ்வேர்ட்டுக்காக நள்ளிரவு வரை காத்திருக்க நேரும். கரண்ட் போய் வந்த பிறகு எந்தச் செயலியும் திறக்கவில்லை என்றால் திகதியைப் பாருங்கள். மலிவான பொக்ஸில் மணிக்கூட்டுக்கு பற்றரி இல்லை, பழைய ஆண்டைக் காட்டினால் பாதுகாப்புச் சான்றிதழ் சரிவராமல் எல்லாச் சேர்வரும் மறுக்கும். திகதியை இணையத்தில் இருந்து தானாக எடுக்கும்படி வையுங்கள்.

படம் வெட்டும் நோய்க்கு இன்னொரு காரணம் ஏவி1 என்ற புதிய சுருக்க முறை. பழைய பொக்ஸின் சிப்புக்கு அது தெரியாது, மென்பொருளால் விரிக்க முயன்று மூச்சுத் திணறும். தரத்தை 720பிக்கு இறக்கினால் பெரும்பாலும் ஓடும். நெட்ஃபிளிக்ஸ் எப்போதும் மங்கலாகவே வருவது, வைட்வைன் என்ற பதிப்புரிமைப் பூட்டின் கீழ்மட்டமான எல்3 மட்டும் உள்ள பொக்ஸ்களில். அனுமதிச் சான்று இல்லாத பொக்ஸுக்கு 480பிக்கு மேல் தரமாட்டார்கள், 100 எம்பிபிஎஸ் இருந்தாலும்.

பெயர் தெரியாத மலிவுப் பொக்ஸ்களில் இதைவிடப் பெரிய ஆபத்து இருக்கிறது. தொழிற்சாலையிலேயே தீய மென்பொருள் ஏறி வந்த ஆண்ட்ராய்ட் பொக்ஸ்கள் பற்றி 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ எச்சரித்தது. பாட்பொக்ஸ் 2.0 என்பது அதன் பெயர். அத்தகைய பொக்ஸ் உங்கள் இணைப்பை மற்றவர்களுக்கு வாடகைக்கு விட்டதுபோல் பாவிக்கும். ரிவி அணைந்திருக்கும்போதும் டேட்டா கரைந்தால், ஓர் இரவு பொக்ஸின் பிளக்கைக் கழற்றிவிட்டு விடிய கணக்கைப் பாருங்கள். பிளே ஸ்டோர் செற்றிங்ஸின் அபௌட் பகுதியில் பிளே புரொடெக்ட் சான்று இருக்கிறதா என்றும் பார்க்கலாம். இல்லாத பொக்ஸில் வங்கிக் கணக்கோடு தொடர்பான மின்னஞ்சலைத் திறக்கவே வேண்டாம்.

மேல்நோக்கிப் போகும் டேட்டாவை மறக்காதீர்கள். போன் படங்களைக் கூகிள் போட்டோஸுக்கு ஏற்றும்போதும், கடை வாசல் சிசிரிவி இணையத்துக்குக் காட்சி அனுப்பும்போதும் 4ஜியின் மெல்லிய மேற்பாதை நிறைந்துவிடும். அப்போது கீழே வரும் படமும் நிற்கும், ஏனென்றால் வந்து சேர்ந்ததைச் சொல்லும் பதில்கள் மேலே போக வழியில்லை. போட்டோஸ் ஏற்றத்தை இரவு டேட்டா நேரத்துக்குத் தள்ளுங்கள். தளத்தின் பெயரை இலக்கமாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸை 1.1.1.1 என்றோ 8.8.8.8 என்றோ மாற்றினால் பக்கம் திறக்கும் நேரம் சிறிது குறையலாம், படம் ஓடும் வேகம் அதனால் கூடாது. இணைப்பை வேறொரு சேர்வர் வழியே சுற்றிவிடும் விபிஎன் போட்டிருந்தால் நிறுத்திவிட்டு அளந்து பாருங்கள்.

ஐப்பசி, கார்த்திகை இடி மின்னலுக்கு ரவுட்டரின் கரண்ட் பிளக்கை மட்டும் கழற்றுவது போதாது. தொலைபேசி வயர், வெளியே போகும் லான் வயர், அன்டெனா வயர் எல்லாவற்றையும் கழற்றுங்கள். மின்னல் பட்ட ரவுட்டர் எப்போதும் முழுதாகச் சாவதில்லை. விளக்கு எரியும், லான் துளை ஒன்று மட்டும் செத்திருக்கும், அல்லது அரைகுறையாக வேலை செய்து மாதக்கணக்கில் ஆளை அலைக்கழிக்கும். அடுத்த துளையில் குத்திப் பாருங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் குறை டவரில்தான் என்றால் கொம்பனியை அழையுங்கள். "நெட் ஸ்லோ" என்று சொன்னால் ரவுட்டரை நிறுத்திப் போடச் சொல்லி முடித்துவிடுவார்கள். தாளைக் கையில் வைத்துக்கொண்டு, இன்ன திகதி விடிய 6க்கு 21, இரவு 9க்கு 1.8, ரவுட்டருக்குப் பக்கத்தில் அளந்தது, ஆர்எஸ்ஆர்பி -92, எஸ்ஐஎன்ஆர் 14, மூன்று நாளும் இதே நிலை என்று சொல்லுங்கள். சிக்னல் நன்றாக இருந்தும் இரவில் மட்டும் விழுகிறது என்பதை அந்த எண்களே காட்டும். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு அதே தாளில் எழுதிவையுங்கள், அடுத்த அழைப்பில் அதிலிருந்தே தொடங்கலாம்.